தேசிய உதைபந்தாட்ட லீக்கும் பந்தயச் சீட்டும்: ஊவா வாசகர் அறிந்திருக்க வேண்டியவை

மலையக நகரங்களில் 'ரேஸ் புக்கி' என்று மக்கள் வழக்கில் அழைக்கப்படும் பந்தய நிலையங்கள் புதியவை அல்ல. இங்கிலாந்தில் ஓடும் குதிரையின் மீது இங்குள்ள தோட்டத் தொழிலாளி தனது அன்றைய உழைப்பின் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மாலை வேளையில் தொலைக்காட்சித் திரையை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பது தலைமுறை கடந்து வந்த காட்சியாகும். அண்மைக் காலத்தில் மாறியிருப்பவை இரண்டு. குதிரை இருந்த இடத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் வந்து அமர்ந்துள்ளன. புக்கியின் படியேற வேண்டிய தேவையும் இல்லாமற் போய், கைத்தொலைபேசியே பந்தய நிலையமாகிவிட்டது. லயக் காம்பராவில் படுத்திருந்தபடியே, இன்ன கண்டத்தில் உள்ளதென்று சொல்லத் தெரியாத நாடொன்றின் இரண்டாந்தர அணி மீது ஓர் இளைஞன் ஐந்நூறு ரூபாவைக் கட்டிவிட முடிகிறது.

இவ்விளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். குதிரைப்பந்தயம் அதிர்ஷ்டம், உதைபந்தாட்டம் அறிவு என்பார்கள். 'எங்களுக்கு ஆட்டம் தெரியும், அணிகளைத் தெரியும், யார் காயம்பட்டிருக்கிறார் என்பதும் தெரியும்' என்பது அவர்களது வாதம். இது முற்றிலும் பொருளற்ற வாதமன்று. உதைபந்தாட்டம் அறிந்து பார்க்க வேண்டிய ஆட்டந்தான். ஆனால் ஆட்டத்தை அறிவதும் பந்தயத்தில் வெல்வதும் ஒன்றாகுமா என்பதே கேள்வி. தேசிய லீக் என்பது என்ன, அது எவ்வாறு இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்கினால் இதற்கான விடையை அடைவது எளிது.

லீக் என்பது கிண்ணப் போட்டியிலிருந்து வேறுபட்டது. கிண்ணப் போட்டியில் தோற்ற அணி வெளியேறிவிடும். லீக்கிலோ ஒவ்வோர் அணியும் மற்றெல்லா அணிகளையும் சந்திக்கும். பத்து அணிகள் ஒருமுறை மட்டும் மோதினால் 45 ஆட்டங்கள், சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலுமாக இருமுறை மோதினால் 90 ஆட்டங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்ற முறை 1981 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னர் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளே வழங்கப்பட்டன. புள்ளிகள் சமமானால் பெற்ற கோல்களுக்கும் விட்டுக்கொடுத்த கோல்களுக்கும் இடையிலான வித்தியாசம் பார்க்கப்படும். 2012 இல் மன்செஸ்டர் சிற்றியும் மன்செஸ்டர் யுனைட்டெட்டும் 89 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றபோது, சிற்றிக்குக் கிண்ணம் கிடைத்தது இந்தக் கணக்கினால்தான். ஸ்பெயினில் அவ்வாறன்று, அங்கு முதலில் அவ்விரு அணிகளும் தம்முள் மோதிய ஆட்டங்களின் முடிவே பார்க்கப்படும். கீழ்நிலையில் முடிக்கும் அணிகள் அடுத்த தரத்துக்கு இறக்கப்படுவதும், கீழ்த்தரத்தில் முன்னிலை பெற்றவை மேலே ஏற்றப்படுவதும் பெரும்பாலான நாடுகளின் வழக்கம். இதனாலேயே, பருவத்தின் இறுதி வாரங்களில் பட்டியலின் நடுவில் இருக்கும் அணிக்கு ஆட்டம் வெறும் சம்பிரதாயமாகவும், அடியில் இருக்கும் அணிக்கு வாழ்வா சாவா என்பதாகவும் அமைகிறது. பட்டியலை வாசிக்கத் தெரிந்தவர் முதலில் கவனிப்பது இதைத்தான்.

இலங்கையில் உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் சங்கம் 1939 இல் தோற்றம் பெற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து முதற்தரக் கழகங்களுக்கான லீக் பல பெயர்களில் நடைபெற்று வந்தது. கொழும்பின் சோண்டர்ஸ் கழகம் அதனை அதிக தடவைகள் வென்ற அணியாகும். பின்னர் சம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் நடந்த தொடரில் கொழும்பு எஃப்.சி., இராணுவத்தின் டிபென்டர்ஸ் ஆகியன முன்னிலைக்கு வந்தன. தொழில்முறை லீக் ஒன்றை உருவாக்கும் நோக்குடன் 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் பத்து அணிகளுடன் ஆரம்பமானது. கொவிட் தொற்று அதனை இடைநடுவில் நிறுத்திப் பின்னர் தொடர வைத்தது. கொட்டாஞ்சேனையின் ரினௌன், ரட்னம் ஆகிய கழகங்கள், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், களுத்துறையின் புளூ ஸ்டார், வென்னப்புவையின் நியூ யங்ஸ், நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ், முப்படைகளின் அணிகள் என்று அந்தப் பட்டியலை வாசிக்கும்போதே இந்நாட்டு உதைபந்தாட்டத்தின் சமூக வரைபடம் கண்முன் விரியும். கடலோர முஸ்லிம் ஊர்களும், கொழும்பு வடக்கின் பல்லின மக்களும், படைகளுமே இவ்வாட்டத்தைத் தாங்கி நிற்கின்றனர்.

இந்த லீக்கைப் புரிந்து கொள்ள விரும்புவோர் ஐரோப்பிய லீக்குகளை மனதில் வைத்துப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். முதலாவதாக, சொந்த மைதானம் என்ற அனுகூலம் இங்கு பெரிதாக இல்லை. ஆட்டங்களிற் பல கொழும்பு றேஸ்கோர்ஸ், சுகததாச அரங்கு போன்ற ஒருசில இடங்களிலேயே நடந்து வந்துள்ளன. (றேஸ்கோர்ஸ் மைதானம் ஒரு காலத்தில் குதிரைப்பந்தயத் திடலாகவும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான ஓடுபாதையாகவும் இருந்தது. பந்தயத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் இங்குள்ள உறவு மண்ணிலேயே இருக்கிறது போலும்.) இரண்டாவதாக, படை அணிகளின் வீரர்களுக்கு மாதாந்தச் சம்பளமும் ஒழுங்கான பயிற்சியும் உண்டு. கழக அணிகளின் வீரர்களிற் பலர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே விளையாடுபவர்கள். எனவே மழையும் சேறும் நிறைந்த நீண்ட தொடரொன்றில் உடற்தகுதியே வித்தியாசத்தைக் காட்டுகிறது. மூன்றாவதாக, லீக் ஆண்டுதோறும் ஒழுங்காக நடப்பதில்லை. 2023 ஜனவரியில், சங்கத்தின் விவகாரங்களில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை ஓகஸ்ட் மாத இறுதியிலேயே நீக்கப்பட்டது. கழகங்களையும் வீரர்களையும் இத்தகைய முடக்கங்கள் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த லீக்கின் தரத்தை அளக்க அயல்நாட்டு அணிகளுடனான மோதல்கள் ஓரளவு உதவும். 2019 மார்ச்சில் ஆசியக் கிண்ணக் கழகத் தொடரின் தகுதிகாண் ஆட்டங்களில் கொழும்பு எஃப்.சி. அணி, அதற்கு முந்திய ஆண்டு இந்திய சுப்பர் லீக்கை வென்றிருந்த சென்னையின் எஃப்.சி. அணியைச் சந்தித்தது. கொழும்பில் நடந்த முதலாவது ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. அஹமதாபாத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னை ஒரேயொரு கோலினாலேயே தப்பியது. ஆனால் மூன்று ஆண்டுகளின் பின்னர், 2022 ஏப்ரலில், அதே தொடரில் புளூ ஸ்டார் அணி கொல்கத்தாவில் மோகன் பகான் அணியிடம் ஐந்து கோல்களால் தோற்றது. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து, அடுத்த முறை இலங்கை அணியொன்று இந்தியாவுக்குச் சென்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் துணிபவர் உண்மையில் ஊகிக்கிறார், அவ்வளவுதான். ஒரு பருவத்துக்கு முந்நூற்று எண்பது ஆட்டங்கள் நடந்து, ஒவ்வொன்றும் நுணுக்கமாகப் பதிவாகும் இங்கிலாந்து லீக்கிலேயே ஊகம் பிழைக்கிறது. 2016 இல் லெஸ்டர் சிற்றி வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். அப்பருவம் தொடங்கும்போது அதற்குப் பந்தய நிலையங்கள் கொடுத்த விகிதம் ஒன்றுக்கு ஐயாயிரம். ஒரு பருவத்துக்கு ஒன்பதோ பதினெட்டோ ஆட்டங்கள் மட்டும் ஆடும் அணியைப் பற்றி அட்டவணை சொல்லக்கூடியது மிகக் குறைவு.

இனி விகிதம் என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். பந்தயக்காரர்கள் 'ஒட்ஸ்' என்று சொல்வது, ஒரு ரூபா கட்டி வென்றால் முதலுடன் சேர்த்துத் திரும்பக் கிடைக்கும் தொகையாகும். ஓர் ஆட்டத்தில் முதலாவது அணியின் வெற்றிக்கு 2.10, சமநிலைக்கு 3.20, இரண்டாவது அணியின் வெற்றிக்கு 3.10 என்று போடப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை இந்த எண்களால் தனித்தனியே வகுத்தால், பந்தய நிலையம் ஒவ்வொரு முடிவுக்கும் கொடுக்கும் வாய்ப்பு வெளிப்படும். முறையே 47.6, 31.3, 32.3 வீதம். கூட்டிப் பாருங்கள். நூறு வரவேண்டிய இடத்தில் 111 வருகிறது. நூறுக்கு மேலுள்ள அந்தப் பதினொன்றுதான் பந்தய நிலையத்தின் பங்கு. யார் வென்றாலும் தோற்றாலும், கட்டப்படும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் சராசரியாகத் தொண்ணூறு ரூபாவே கட்டியவர்களிடம் திரும்பிச் செல்லும்படி கணக்கு முன்கூட்டியே அமைக்கப்பட்டு விட்டது. பெரிய லீக்குகளில் போட்டி அதிகமாதலால் இந்தப் பங்கு குறைவாக இருக்கும். பேரறியாத சிறிய லீக்குகளில் கூடுதலாக இருக்கும். ஏனெனில் அந்த ஆட்டங்களைப் பற்றி நிலையத்துக்கும் அதிகம் தெரியாது. தெரியாமைக்கான காப்பீட்டைப் பந்தயக்காரரிடமிருந்தே அது அறவிட்டுக் கொள்கிறது.

ஐந்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து, ஐந்தும் சரியானால் பெருந்தொகை என்று ஆசை காட்டும் பந்தயமே நமது இளைஞர்களிடையே மிகவும் பிரபலமானது. ஐம்பது ரூபாவுக்கு ஐயாயிரம் என்றால் யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் இங்கே நிலையத்தின் பங்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருமுறை கழிகிறது. நூறு தொண்ணூறாகும், தொண்ணூறு எண்பத்தொன்றாகும். ஐந்தாவது ஆட்டத்தில் ஐம்பத்தொன்பதுக்கு வந்து நிற்கும். வாரம் ஐந்நூறு ரூபாவை இத்தகைய சீட்டுகளில் கட்டும் ஒருவர் ஆண்டுக்கு 26,000 ரூபா கட்டுகிறார். சராசரிக் கணக்கின்படி அதில் ஏறத்தாழ 10,650 ரூபா போய்விடும். 2024 இல் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 முதல் ஊக்கக் கொடுப்பனவுடன் 1,750 ரூபா என்று 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கூடிய தொகையையே எடுத்துக்கொண்டாலும் ஆறு முழுப் பேருக்கான சம்பளம் அது. அட்டைக் கடிக்கும் குளிருக்கும் நடுவே, நிறை குறைந்தால் அரைப் பேர் என்று எழுதப்படும் மலையில் ஆறு நாள் கொழுந்து பறிப்பது என்றால் என்னவென்று கட்டுபவரின் தாய்க்குத் தெரியும். இது சராசரிக் கணக்குத்தான். தோற்றதை மீட்கவென்று இரட்டிப்பாகக் கட்டத் தொடங்கியவருக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது.

விதிகளை வாசிக்காமல் கட்டுவோர் விழும் குழிகளும் சில உண்டு. ஆட்ட முடிவு மீதான பந்தயம் பொதுவாகத் தொண்ணூறு நிமிடங்களுக்கும், காயங்களுக்காக நடுவர் கூட்டித்தரும் நேரத்துக்கும் மட்டுமே உரியது. 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டினா வெல்லும் என்று அவ்வாறு கட்டியவர்கள், அந்த அணி கிண்ணத்தைத் தூக்கிய இரவில் பணத்தை இழந்தார்கள். தொண்ணூறாவது நிமிடத்தில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்ற சமநிலையில் இருந்ததே காரணம். புதிதாகச் சேருவோருக்கு வழங்கப்படும் 'போனஸ்' பணமும் இவ்வாறுதான். ஆயிரம் ரூபா இலவசம் என்பார்கள். அதனைப் பத்து மடங்கு சுழற்றிக் கட்டிய பின்னரே எடுக்கலாம் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். பத்தாயிரம் ரூபாவைப் பத்து வீதப் பங்குடன் சுழற்றினால் எஞ்சுவது என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே கட்டும் வசதி இன்னும் ஆபத்தானது. மைதானத்தில் நிகழ்வது நமது கைத்தொலைபேசித் திரைக்குப் பல வினாடிகள் தாமதித்தே வந்து சேரும். நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் சமிக்ஞை கிடைக்கும் இலட்சணம் நமக்குத் தெரியாததல்ல. பந்தய நிறுவனங்களுக்குத் தரவு விற்பவர்களின் ஆட்களோ மைதானத்திலேயே அமர்ந்து, கோல் விழுந்த கணத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். மேலும், உண்மையிலேயே திறமையாகக் கட்டித் தொடர்ந்து வெல்லும் ஒருவர் தோன்றினால், அவர் கட்டக்கூடிய தொகையை நிறுவனம் சில ரூபாக்களாகக் குறைத்துவிடுவது இத்தொழிலில் அறியப்பட்ட வழக்கம். அறிவுள்ளவனுக்கு வரவேற்பில்லாத சந்தை இது.

நம் இளைஞன் தனக்கு ஆட்டம் தெரியும் என்கிறான். அவனைவிட அதிகம் தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதற்குத் தமிழருக்கு நன்கு புரியக்கூடிய உதாரணம் ஒன்றுண்டு. சிங்கப்பூர்த் தமிழரான வில்சன் ராஜ் பெருமாள் என்பவர் 2011 பெப்ரவரியில் பின்லாந்தில் கைது செய்யப்பட்டார். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய றொவனியேமி என்ற சிறு நகரத்தின் அணி பின்லாந்தின் தேசிய முதற்தர லீக்கில் ஆடி வந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஆடிய அவ்வணியின் வெளிநாட்டு வீரர்களுக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களின் முடிவுகளை அவர் முன்கூட்டியே நிர்ணயித்து வந்தமை நீதிமன்றத்தில் நிரூபணமாகி, அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வீரர்களும் தண்டிக்கப்பட்டனர். பின்லாந்தின் ஒரு மூலையில் நடக்கும் ஆட்டத்தின் மீது ஆசியாவின் பந்தயச் சந்தையில் பெருந்தொகை புரளும் என்பதே அந்தச் சூழ்ச்சியின் அடித்தளம். அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் பஹ்ரெய்னில் டோகோ நாட்டின் தேசிய அணி என்று கூறிக்கொண்டு ஓர் அணி ஆடி மூன்று கோல்களால் தோற்றது. தாம் அப்படியோர் அணியை அனுப்பவேயில்லை என்று டோகோ பின்னர் அறிவித்தது. 2013 இல் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல், உலகெங்கும் 680 ஆட்டங்கள் சந்தேகத்துக்குரியவை என்று வெளியிட்டது. அவற்றில் 380 ஐரோப்பாவில் நடந்தவை.

சம்பளம் குறைந்த, தொலைக்காட்சிக் கண் படாத, பார்வையாளர் அரிதான லீக்குகளே இவர்களின் வேட்டைக்களம். பெரிய லீக்கின் வீரர் ஒருவரை வாங்கக் கோடிகள் வேண்டும். மாதச் சம்பளம் தாமதமாக வரும் கழகத்தின் கோல்காப்பாளரை வாங்க அவ்வளவு தேவையில்லை. எமது லீக்கும் அத்தகைய இடரிலேயே இருக்கிறது என்பதை வீரர்களின் மீது பழி சுமத்தாமலே சொல்ல முடியும். குறை அவர்களின் வறுமையில் கைவைக்க வருபவர்களிடத்திலும், அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுக்காத அமைப்பிலுமே உள்ளது. சிறிய லீக்கின் மீது கட்டப்படும் பணம் அந்த லீக்கின் வளர்ச்சிக்கு ஒரு சதமேனும் உதவுவதில்லை. மாறாக, அதனைக் கெடுப்பதற்கான இலாபத்தை மட்டும் உருவாக்கி வைக்கிறது.

ஆட்டத்துடன் தொடர்புடையவர்கள் உதைபந்தாட்டத்தில் பந்தயம் கட்டுவதைப் பீபாவின் ஒழுக்கக் கோவை தடை செய்கிறது. இங்கிலாந்தின் ஐவன் டோனி 2023 மே மாதம் எட்டு மாதங்களுக்கும், இத்தாலியின் சன்ட்ரோ டொனாலி அதே ஆண்டு ஒக்டோபரில் பத்து மாதங்களுக்கும் தடைசெய்யப்பட்டது இதனாலேயே. இலங்கையில் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க விளையாட்டுகள் தொடர்பான தவறுகளைத் தடுக்கும் சட்டம் ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனையும் பத்துக் கோடி ரூபா வரையான அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. ஆட்டத்தை விற்கத் தூண்டுதல் வந்ததை அறிந்தும் அறிவிக்காதிருப்பதும் அச்சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். மாவட்ட லீக்கில் ஆடும் இளைஞர்களும் அவர்களின் பயிற்றுநர்களும் இந்த ஒரு வரியையாவது மனதிற் கொள்ள வேண்டும். 'யார் நாளைக்கு ஆடமாட்டார்?' என்று கைத்தொலைபேசியில் வரும் நட்பான விசாரணைகூட அப்பாவித்தனமானதாக இருக்க வேண்டியதில்லை.

பந்தயம் கட்டுவோருக்கான சட்டநிலை வெகுகாலம் குழப்பமாகவே இருந்தது. 1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச்சட்டம் ஒருபுறம் சூதைத் தடுக்க, 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் மறுபுறம் அதே தொழிலிலிருந்து திறைசேரிக்கு வரி சேர்த்தது. ஒரு கையால் தடுத்து மறு கையால் வாங்கும் இந்த நிலையை ஒழுங்குபடுத்துவதாகக் கூறி, சூதாட்ட ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஓகஸ்டில் நிறைவேற்றியது. இணையவழிச் சூதையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் வாசகர் மறந்துவிடக் கூடாத உண்மை ஒன்றுண்டு. வெளிநாட்டில் எங்கோ ஒரு தீவில் பதிவுசெய்யப்பட்ட தளம், முகவர் ஒருவரின் தனிப்பட்ட வங்கிக் கணக்கினூடாகப் பணம் வாங்கிக்கொண்டு, வென்ற தொகையைத் தர மறுத்தால் முறையிட இங்கே வாசல் இல்லை. நமது கணக்கினூடாக மற்றவர்களின் பந்தயப் பணத்தைப் பெற்றுக் கைமாற்றிக் கொடுக்கச் சம்மதிப்பவர் தானும் விசாரணைக்கு உள்ளாக நேரிடலாம். அண்டை நாடான இந்தியா வேறு பாதையில் சென்றுள்ளது. தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து 2022 இல் சட்டமியற்றியது. இந்திய நாடாளுமன்றமும் 2025 ஓகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக் கழகங்கள்கூட சீருடையின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனங்களின் பெயரைப் பொறிப்பதை 2025/26 பருவத்துடன் கைவிட 2023 இல் இணங்கின.

இப்பகுதியின் இரு சமூகங்களும் இவ்விடயத்தில் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூது வைக்கப்பட்டிருக்கிறது. திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தில் மதுவும் சூதும் ஒரே வசனத்தில் விலக்கப்படுகின்றன. இரண்டு மரபுகளும் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்தமை தற்செயலானதாகத் தோன்றவில்லை. தோட்டங்களில் சாராயத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுகிறோம்; தாய்மார் சங்கங்களும் பேசுகின்றன. சூதுக்கு நெடி இல்லை. தள்ளாடி வீடு திரும்புவதும் இல்லை. அதனால் அடகுக் கடையில் தோடு வைக்கப்பட்ட பின்னரே குடும்பத்துக்குத் தெரிய வருகிறது. இவ்வாறு சிக்கியவர்களுக்குக் கண்டிப்பு மட்டும் போதாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். கட்டும் பழக்கத்தைக் கைவிட இயலாமை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு நோய்நிலை.

இதனுடன் தொடர்புடைய கேள்வியொன்று குருத்தலாவ, பக்கினிகஹவெல போன்ற முஸ்லிம் கிராமங்களில் எழுவதுண்டு. ஊர்களில் நடக்கும் அணிக்கு ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டிகளில் ஒவ்வோர் அணியும் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி அதையே பரிசாகக் கொடுப்பது சூதாகுமா? பங்குபற்றுவோர் எல்லோரும் பணம் வைத்து வென்றவர் எடுத்துச் செல்வது சூதின் வடிவத்தையே பெறுகிறது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. கட்டணத்தை மைதானச் செலவு, நடுவர் கொடுப்பனவு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தி, பரிசை ஆடாத மூன்றாம் தரப்பினர் வழங்கினால் அந்தத் தடை நீங்குகிறது. கோவில் திருவிழாவை ஒட்டித் தோட்ட இளைஞர் நடத்தும் போட்டிகளுக்கும் இது நல்லதோர் ஏற்பாடுதான். பரிசுப் பணத்துக்காகச் சண்டை மூளும் சந்தர்ப்பங்களும் அதனாற் குறையும்.

தேசிய லீக்கில் ஊவாவின் இடம் பற்றியும் ஒரு சொல். 2021 சுப்பர் லீக்கின் பத்து அணிகளுள் பதுளை, மொனராகலை மாவட்டங்களிலிருந்து ஒன்றேனும் இருக்கவில்லை. மலையகத்தின் பெயரைத் தாங்கிய ஒரே அணி நாவலப்பிட்டியினுடையது. பதுளையில் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளின் சரிவான மைதானங்களில் வெறுங்காலுடன் பந்தை அடக்கக் கற்ற பிள்ளைகள் பசறையிலும் லுணுகலையிலும் வெல்லவாயவிலும் இருக்கிறார்கள். கழகமொன்று உயர்மட்டத்தில் ஆடுவதற்கு ஆசிய உதைபந்தாட்ட சம்மேளனத்தின் அனுமதிப்பத்திர முறை ஐந்து துறைகளில் தகுதி கோருகிறது. விளையாட்டு, உட்கட்டமைப்பு, ஆளணி, சட்டம், நிதி என்பன அவை. நிதியும் உட்கட்டமைப்பும் நமக்கு இப்போதைக்கு எட்டாதவையாக இருக்கலாம். விளையாட்டுத் துறையின் கீழ் முதலில் கேட்கப்படுவது இளையோர் அணிகள். மாவட்ட லீக்கில் பதிவுபெற்ற கழகமொன்று வயதுப்பிரிவு அணியொன்றை அமைத்து, பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவரை அதற்கு நியமிப்பதற்கு ஆகும் செலவு, ஒரு தோட்டப் பிரிவின் இளைஞர்கள் ஒரு பருவத்தில் வெளிநாட்டு லீக்குகளின் மீது கட்டித் தொலைக்கும் பணத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்று தோன்றவில்லை.